ரோஜேயின் தெசாரஸ்: அறுபதாம் தலைப்பில் சில நாள்கள்

ஓலைச்சுவடிகளின் விவரப் பட்டியல் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, தமிழ் மூலத்தில் அடுக்குதல், பகுத்தல், தொகுத்தல், நிரல்படுத்துதல், வகைப்படுத்துதல் எனத் தனித்தனியே நின்ற வினைகளெல்லாம் என் மொழிபெயர்ப்பில் ‘அரேஞ்ச்’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டதை, மெய்ப்புப் பார்த்தவர் சுட்டிக்காட்டிய பிறகே நான் உணர்ந்தேன். அந்தக் குறையைக் களைவதற்காகத்தான், பல ஆண்டுகளாக மேலோட்டமாகப் புரட்டிவந்த ரோஜேயின் தெசாரஸை, அதாவது ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த சொற்களஞ்சியத்தை, முறையாகப் படிக்கத் தொடங்கினேன். நான் பயன்படுத்தியது 1911ஆம் ஆண்டுப் பதிப்பு. பதிப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் அது விலையின்றிக் கிடைக்கிறது.

பீட்டர் மார்க் ரோஜே (1779–1869) மருத்துவர். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக 1827 முதல் 1848 வரை இருந்தவர். எழுதும்போது தமக்கு உதவட்டும் என்று 1805இல் அவர் தொகுத்துவைத்த சிறிய சொற்பட்டியலே, விரிந்து வளர்ந்து, 1852இல் அவருடைய எழுபத்து மூன்றாம் வயதில் நூலாக வெளிவந்தது. இதில் சொற்கள் அகரவரிசையில் இல்லை. அருவமான உறவுகள், இடம், பருப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்ச்சி என்ற ஆறு பெரும் வகுப்புகளுக்குள் ஆயிரம் தலைப்புகள் வகுக்கப்பட்டு, ஒவ்வொரு தலைப்பிலும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்ற முறையில் சொற்கள் நிறுத்தப்பட்டுள்ளன. பொருளால் சொற்களைத் தொகுக்கும் இம்முறை நமக்குப் புதிதன்று. திவாகர நிகண்டு தெய்வப் பெயரில் தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளாக விரிவதையும், அதில் செயல் பற்றிய பெயர்களுக்கென்றே ஒரு தொகுதி இருப்பதையும் அறிந்தவர்கள் இந்த நூலுக்குள் தயக்கமின்றி நுழையலாம். தமக்கு முன்னோடியான முயற்சிகளைக் குறிப்பிடும் இடத்தில், 1808இல் செராம்பூரில் கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான அமரகோசம் என்ற வடமொழி நிகண்டை ரோஜேயே முதலில் சொல்கிறார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

எனக்கு வேண்டிய வினைகள் பெரும்பாலும் அறுபதாம் தலைப்பில் இருந்தன. 58 ஒழுங்கு, 59 ஒழுங்கின்மை, 60 ஒழுங்குபடுத்துதல், 61 குலைத்தல் என ஒன்றும் அதன் எதிர்ப்பொருளுமாக இந்தப் பகுதி நகர்கிறது. அறுபதாம் தலைப்பின் வினைப்பத்தியைப் பொறுமையாகப் படித்தால், ஒவ்வொரு சொல்லும் எந்தக் களத்திலிருந்து வந்தது என்பது மெல்லத் தெரியவரும். ‘மார்ஷல்’ போர்க்களத்தில் படையை அணிவகுப்பது. ‘சிஃப்ட்’ மாவு சலிப்பது. ‘ரிடில்’ கண் பெரிய சல்லடையில் மண்ணையும் தானியத்தையும் சலிப்பது. ‘கார்ட்’ கம்பளியையும் பஞ்சையும் சிக்கெடுத்து இழைகளை ஒருமுகப்படுத்துவது. இவற்றோடு ‘ஃபைல்’, ‘கேட்டலாக்’, ‘டேபுலேட்’, ‘இண்டெக்ஸ்’ போன்ற அலுவலக, நூலக வினைகளும் ஒரே பத்தியில் அமர்ந்திருக்கின்றன. அகரவரிசை அகராதியில் சிதறிக் கிடக்கும் இவற்றை ஓரிடத்தில் காணும்போது, ஒழுங்கு செய்தல் என்ற ஒற்றை எண்ணத்துக்கு ஆங்கிலம் எத்தனை தொழில்களிடமிருந்து சொல் பெற்றிருக்கிறது என்பது விளங்குகிறது. நம் மொழியில் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று முறமும் சல்லடையும் தந்த சொற்களை நினைத்துக்கொண்டேன்.

இனி இந்நூலின் பெருங்குறை. இது எந்தச் சொல்லுக்கும் பொருள் தருவதில்லை. கலந்து கிடப்பனவற்றை இனம் பார்த்துப் பிரிப்பதற்குரிய ‘சார்ட்’ என்ற எளிய சொல்லும், வகுத்துக்கொண்ட கோட்பாட்டின்படி வகைகளில் அடக்குவதற்குரிய ‘கிளாஸிஃபை’ என்ற சொல்லும் அருகருகே நிற்கின்றன. அவற்றின் வேறுபாடு ஏற்கெனவே தெரிந்தவருக்கே தெரியும். இதைவிட இடர்ப்பாடு தருவது ‘ராவெல்’. சிக்கெடுத்தல் என்ற பொருளில் அறுபதாம் தலைப்பிலும், சிக்காக்குதல் என்ற பொருளில் அடுத்த தலைப்பிலும் அது இடம்பெறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு வழக்கும் உண்டு என்பதால் இதனைப் பிழை என்று கூற இயலாது. ஆயினும் எச்சரிக்கை ஒரு சொல்கூட இல்லாத நிலையில், அயல்மொழியாளர் அச்சொல்லை எடுத்தாண்டு தாம் எண்ணியதற்கு நேர்மாறாக எழுதிவிட வாய்ப்புண்டு. எனவே, பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தரும் நல்ல ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது மாணவர்களுக்கு என் உறுதியான பரிந்துரை. பதிப்பு பழையது என்பதால் ‘மெத்தடைஸ்’, ‘டிஸெம்ப்ராயில்’ போன்று வழக்கு அருகிய சொற்களும் உண்டு. அவற்றை நான் பயன்படுத்தவில்லை.

நூலின் பின்னால் உள்ள சொல்லடைவுதான் பலருக்கும் நுழைவாயில். ரோஜேயின் மகன் ஜான் லூயிஸ் ரோஜே 1879ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை மிகவும் விரிவாக்கினார். அதன் வழியே செல்வது விரைவானது என்றாலும், ஒருமுறையேனும் ஆறு வகுப்புகளின் அட்டவணையிலிருந்து இறங்கிச் சென்று தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வேன். என் சுவடிப் பட்டியலில், கலைந்த ஏடுகளை எண் பார்த்து, விடுபாடு உண்டா என ஒப்பிட்டுச் சேர்த்ததைக் குறிக்கும் வினை மட்டும் அறுபதாம் தலைப்பில் அகப்படவில்லை. அடுக்குதலை விட்டு, ஒப்பிடுதலை நினைத்து, அறிவு என்ற வகுப்புக்குள் இறங்கிய பிறகு, 464ஆம் தலைப்பில் ‘கொலேட்’ என்ற அச்சொல் கிடைத்தது.