சன் பிலிம் ஒட்டப் போகிறீர்களா? பெட்டியில் அச்சடித்த சதவீதத்தை நம்பாதீர்கள்

கோவையில் கார் உதிரிபாகக் கடைகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் கொண்ட ஒரு கடை என் காருக்கு சன் பிலிம் ஒட்டி 14,500 ரூபாய் வாங்கியது. ‘சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பிலிம், எந்தச் சோதனையிலும் நிற்கும்’ என்று வாக்குக் கொடுத்துத்தான் விற்றார்கள். இப்போது அந்த பிலிம் என் காரில் இல்லை. அபராதம் கட்டியாகிவிட்டது, பிலிமை உரிக்கத் தனியாகக் கூலி கொடுத்தாகிவிட்டது, பின் கண்ணாடியும் கெட்டுவிட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. இதே பேச்சை வேறு கடைகளிலும் கேட்டுவிட்டேன்.

முதலில் அவர்கள் விற்கும் விதத்தைச் சொல்கிறேன். மேஜை மேல் ஒரு மரப்பெட்டி, உள்ளே சிவப்பாக எரியும் பல்பு, முன்னால் ஒரு சட்டகம். வெறும் கண்ணாடியைச் செருகி, ‘கையை நீட்டுங்கள் சார்’ என்றார் விற்பனையாளர். சுட்டது. பிலிம் ஒட்டிய கண்ணாடியைச் செருகினார். சூடே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி அசந்துபோனார். இதில் இருக்கும் சூட்சுமம் பல்பில்தான். அது ஏறத்தாழ முழுவதும் அகச்சிவப்புக் கதிரையே உமிழும் பல்பு. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் அகச்சிவப்பு ஏறக்குறையப் பாதி. மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். அகச்சிவப்பில் 90 சதவீதத்தைத் தடுக்கும் பிலிம் அந்தப் பெட்டிக்கு முன்னால் மாயாஜாலம் காட்டும், சித்திரை வெயிலில் அந்த அளவுக்குக் காட்டாது. மலிவான சாயப் பிலிம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. உறிஞ்சி வைத்துக்கொண்டு, தானும் சூடாகி, மெதுவாக உள்ளே விடும். கையை நீட்டிப் பார்க்கும் சில விநாடிகளில் அது தெரியாது. கேட்க வேண்டிய எண் ‘மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கிறது’ என்பது. அதைக் கேட்டால் இந்தக் கடைகளில் பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பிவிடும்.

அடுத்தது தோல் நோய்ப் பயம். புற ஊதாக் கதிர், குழந்தையின் முகம், தோல் மருத்துவர் என்று ஒரு பாடம் நடந்தது. முன் கண்ணாடிக்கும் பிலிம் கட்டாயம் என்றார்கள். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்திச் செய்வது. அந்தப் படலமே புற ஊதாக் கதிரை ஏறத்தாழ முழுவதும் நிறுத்திவிடும். கதவுக் கண்ணாடிக்கு அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு; முன் கண்ணாடிக்கு இல்லவே இல்லை. ஆனால் அதிகப் பணம் முன் கண்ணாடியில்தான் இருக்கிறது.

இனி சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100: முன், பின் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 50 சதவீதமும் ஊடுருவ வேண்டும். கருப்புக் கண்ணாடிக் கார்களுக்குள் நடந்த குற்றங்களைச் சுட்டிக்காட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது: எந்தச் சதவீதமாக இருந்தாலும் சரி, கண்ணாடி மேல் பிலிமே ஒட்டக் கூடாது. அந்த ஆண்டு மே 4 முதல் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பிறகு விதி 100 திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல், பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இடம் கிடைத்தது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70க்கும் 50க்கும் குறையாமல் வெளிச்சம் போகுமானால் பிலிம் ஒட்டுவது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது.

பாலக்காடு பக்கத்தில் இருக்கும் ஊர் அல்லவா, அந்தத் தீர்ப்பு எங்கள் ஊர்க் கடைகளுக்கு லாட்டரி அடித்த மாதிரி ஆகிவிட்டது. தீர்ப்புச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டை லாமினேட் செய்து, ‘போலீஸ் நிறுத்தினால் இதைக் காட்டுங்கள்’ என்று கையில் கொடுத்தார்கள். கூடவே பிலிம் நிறுவனத்தின் பெயரில் ஒரு சான்றிதழ்: வெளிச்ச ஊடுருவல் 50 சதவீதம். விதியும் 50, சான்றிதழும் 50.

ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. விதியில் சொல்லும் 50 கண்ணாடியும் பிலிமும் சேர்ந்த கணக்கு. சான்றிதழில் இருக்கும் 50 பிலிமுக்கு மட்டும் உரிய எண். தொழிற்சாலையிலிருந்து வரும் கார்க் கண்ணாடியே லேசான பச்சை நிறம். அது எல்லா வெளிச்சத்தையும் விடுவதில்லை. என் காரின் கதவுக் கண்ணாடி வெறுமையாக 76 சதவீதம் விடுகிறது. அதில் பாதியை பிலிம் தடுத்தால் மிச்சம் 38. ஒரு சல்லடைக்குக் கீழே இன்னொரு சல்லடை வைப்பது போன்ற கணக்கு. பக்கக் கண்ணாடி விதிக்குள் நிற்க வேண்டுமானால் என் காருக்கு 66 சதவீதத்துக்குக் குறையாத பிலிம் வேண்டும். முன் கண்ணாடியும் ஏறக்குறைய இதே அளவுதான் விடும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 92 சதவீதத்துக்கு மேல், அதாவது ஒட்டியதே கண்ணுக்குத் தெரியாத பிலிம்தான் பொருந்தும். ஆகவே கேரளத் தீர்ப்பையே அப்படியே எடுத்துக்கொண்டாலும் எனக்கு விற்ற பிலிம் சட்டவிரோதம். தினமும் இதையே விற்கிறவர்களுக்கு இந்தப் பெருக்கல் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன்.

அவிநாசி சாலையில் நடந்த வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். லாமினேட் செய்த துண்டை நீட்டினேன். உதவி ஆய்வாளர் பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ‘இது கேரளா சார். எங்களுக்கு 2012 உத்தரவுதான்’ என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 177ஆவது பிரிவில் 500 ரூபாய். மறுபடியும் பிடித்தால் 1,500. ‘நாளைக்குள் உரித்துவிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினார். மரியாதையாகவே பேசினார், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

500 ரூபாய் போனால் போகிறது. அதைவிட என்னைக் கலக்கியது அதற்கு முன் வாரத்தில் ஓர் இரவு. பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது தூறல். ஓர் ஊர் முக்கில் இடது பக்கம் திரும்பப் போனேன். பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இருட்டு மட்டும்தான். வெளியே இருக்கும் பக்கவாட்டு ஆடியில் எதிரொளிப்பதும் அதே பிலிமைத் தாண்டித்தானே கண்ணுக்கு வர வேண்டும்? கண்ணாடியை இறக்கினேன். இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று, விளக்கு இல்லாமல், கதவுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டியவர் என்னைத் திட்டினார். திட்டட்டும். பகலில் 38 சதவீதம் என்பது இதமான நிழல். விளக்கில்லாத சாலையில் அது வெளியே இருப்பவரை அழித்துவிடுகிறது. நடந்து போகிறவர், சைக்கிள்காரர், கருப்புச் சட்டைக்காரர் யாரும் நம் வசதிக்காக விளக்கு மாட்டிக்கொண்டு வருவதில்லை. எதிரே இருப்பவருக்கும் நம் முகம் தெரியாது. நாம் அவரைப் பார்த்துவிட்டோமா இல்லையா என்று அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

உரிக்கப் போனது வேறு கடைக்கு. அங்கே இருந்த பெரியவர் வேலையைத் தொடங்கும் முன்பே உள்ளங்கை அகலக் கருவி ஒன்றைக் கதவுக் கண்ணாடியின் இரு பக்கமும் பொருத்திக் காட்டினார். 37. பிலிமை ஓரிடத்தில் உரித்துவிட்டு மறுபடி வைத்தார். 76. நான் மேலே சொன்ன கணக்கு அப்போது கிடைத்ததுதான். ‘அண்ணா, இந்தக் கருவி இல்லாத கடையில் பிலிம் ஒட்டாதீர்கள்’ என்றவர், பிலிமின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். ஊதா நிறச் சாயம் நகத்தில் ஒட்டியது. செராமிக் பிலிம் என்று சொல்லி எனக்குக் கொடுத்திருந்தது சாயம் தோய்த்த சாதாரணச் சரக்கு. பின் கண்ணாடியில் நீராவி காட்டி எவ்வளவோ பக்குவமாக இழுத்தும், மூடுபனியைப் போக்கும் கம்பிக்கோடுகளில் இரண்டு பசையோடு சேர்ந்து வந்துவிட்டன. முதலில் ஒட்டியவர்கள் அந்தக் கோடுகளின் மேலேயே பிளேடு வைத்து அறுத்திருந்த தடத்தையும் காட்டினார்.

ஃபாஸ்டேக் கதை தனி. முன் கண்ணாடியில் பிலிம் ஒட்டுவதற்காக அதை உரித்து எடுத்து, பிறகு பிலிமின் மேலேயே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உரித்தால் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய ஆன்டெனா அறுந்துபோகும்; மறுபடி ஒட்டிப் பயன்படுத்துவதற்காகச் செய்ததே அல்ல. அடுத்த சுங்கச்சாவடியில் தடுப்புக்கட்டை எழவில்லை, பின்னால் ஹாரன் சத்தம், ரொக்கமாக இரு மடங்கு கட்டணம். புதியதற்கு வங்கியில் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. கணக்கில் பணம் இருக்கிறது என்று அங்கே நின்று வாதாடியது என் நேரத்துக்குக் கேடு.

இத்தனைக்கும் பிறகு பில்லோடு கடைக்குப் போனேன். உரிமையாளர் பில்லைத் திருப்பினார். பின்பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி: ‘சட்ட அனுமதி தொடர்பான பொறுப்பு வாடிக்கையாளரையே சேரும்.’ வாயால் சட்டப்படி சரி என்று சொல்லி விற்பது, பில்லின் முதுகில் பொறுப்பில்லை என்று அச்சடிப்பது! உத்தரவாத அட்டையைப் புரட்டினேன். பிலிமின் வரிசை எண், ஒட்டிய தேதி இரண்டும் காலி. அப்படியானால் அது உத்தரவாதமே இல்லை. நிறுவனத்திடம் போய் நிற்கவும் முடியாது.

பிலிம் ஒட்டியே தீர வேண்டும் என்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கார்க் கண்ணாடியை வெறுமையாகவும் பிலிம் துண்டை மேலே வைத்தும் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது எண்ணைக் கடைக்காரர் கையெழுத்தோடு பில்லின் முன்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அப்படியும் தமிழ்நாட்டுச் சாலையில் 2012 உத்தரவைக் காட்டி உங்களை நிறுத்த முடியும் என்பதை மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால், வெயிலில் நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு வெள்ளிநிற மறைப்பு, கிளம்பும்போது நான்கு கண்ணாடிகளையும் இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி. இப்போது நான் செய்வது இதுதான், செலவு சில நூறு ரூபாய்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்ததும் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பாதிப் பணம் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவே போடலாம், வக்கீலும் கட்டாயம் இல்லை. மீட்டரில் 37, 76 என்று காட்டிய இரண்டு படங்களையும் பில்லின் இரு பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். இதே மாதிரி பில் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.