தரகர் காட்டிய மாடி வீடு

கீழே தையல் கடை, மேலே வாடகைக்குக் குடித்தனம். அதற்குத் தோதான வீடு வேண்டும் என்று தரகரிடம் சொன்னேன். மூன்றாவதாகக் காட்டியதையே வாங்கிவிட்டேன். வீடு காட்டுவதில் ஆள் கெட்டிக்காரர். சாயங்காலம் ஒருமுறை, மழை கொட்டும்போது ஒருமுறை என்று சலிக்காமல் கூட்டிப்போனார். படிக்கட்டு வெளிப்பக்கம் இருப்பதையும் அவர்தான் கவனித்துச் சொன்னார். குடியிருப்பவர் கடைக்குள் நுழையாமலே மேலே ஏறிவிடலாம்.

ஆனால் குடியிருப்புப் பகுதியில் கடை போட அனுமதி உண்டா என்று கேட்டால், "எல்லாரும் நடத்துறாங்க சார்" என்கிறார். அது ஒரு பதிலா? நானே அலுவலகத்துக்கு நடையாய் நடந்து எழுத்தில் வாங்கினேன். அப்புறம் மின்மீட்டர். மொத்த வீட்டுக்கும் ஒன்றுதான். கீழே நாலு மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஓடினால் மேல்வீட்டுக்காரருக்கு எந்தக் கணக்கில் பில் பிரிப்பது? தனி மீட்டர் வர இரண்டு மாதம். அதுவரை மாடி பூட்டியே கிடந்தது. வீட்டுக் காப்பீட்டில் கடைத் துணிமணி சேராது என்பதும் பாலிசியைப் படித்தபோதுதான் தெரிந்தது.

இத்தனை இருந்தும், மாடிக்கு ஆள் பார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்திருக்கிறேன். அதில் அவரை மிஞ்ச முடியாது.