வடமராட்சி நீரேரியின் உப்புக்கு எந்த முறை?

யாழ்ப்பாணத்தின் தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகள் கடல்நீர் உள்ளே வராமல் மறிக்கின்றன. அவற்றைத் திறந்தால் வடமராட்சி நீரேரிக்குள் உப்பு எவ்வளவு தூரம் ஏறும்? கணினியில் இதைக் கணித்துப் பார்க்க நினைக்கும் பொறியியல் மாணவர் சமன்பாடுகளைத் தீர்க்கும் இரண்டு எண்கணிப்பு முறைகளில் ஒன்றை முதலில் தீர்மானிக்க வேண்டும்: ஃபைனைட் வொலியூமா, ஃபைனைட் எலிமென்டா? நான் ஃபைனைட் வொலியூம் பக்கம். காரணம் உப்பேதான்.

ஃபைனைட் வொலியூமில் நீரேரியைச் சிறு கலங்களாகப் பிரிக்கிறோம். இரண்டு கலங்களுக்குப் பொதுவான முகத்தில் உப்பின் பாயத்தை (முகத்தைக் கடந்து பாயும் வீதத்தை) ஒரே தடவைதான் கணிக்கிறோம். ஒரு கலத்தில் கழித்த அதே எண்ணை அடுத்ததில் கூட்டுகிறோம். அதனால் மெஷ் (கலங்களின் வலை) எவ்வளவு பருமட்டாக இருந்தாலும் உப்பு நடுவில் காணாமல் போகாது, புதிதாக முளைக்கவும் செய்யாது. கோடையில் ஓரங்கள் வற்றி மாரியில் நிறையும் ஆழமற்ற நீரேரிக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1959இல் ரஷ்யக் கணிதவியலாளர் கொடுனோவ் காட்டிய வழியில் வளர்ந்த பாயச் சூத்திரங்களைக் கவனமாக அமைத்தால், நீரின் ஆழம் பூச்சியத்துக்குக் கீழே போகாது.

ஃபைனைட் எலிமென்டில் நீரேரியை மூலகங்களாக (எலிமென்ட்) பிரித்து, சமன்பாட்டை நிறைச் சார்பால் (எந்த இடத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் சார்பால்) பெருக்கித் தொகையிடுகிறோம். மொத்தக் கணக்கு சரியாக வரும். ஆனால் நிறைச் சார்பையும் விடையையும் ஒரே வகைச் சார்புகளால் அமைக்கும் வழமையான கலேர்கின் வடிவில், தனி மூலகம் ஒன்றுக்குள் வந்ததும் போனதும் அப்படி நேரடியாக ஒத்துப்போகாது. நீரோட்டம் உப்பை இழுத்துச் செல்வது அது தானாகப் பரவுவதை மிஞ்சும்போது விடை அலையத் தொடங்கும்: கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்று கொடுத்திருப்போம், ஓரிடத்தில் 37 வரும், பக்கத்திலேயே மறை எண் வரும். புரூக்ஸும் ஹியூஸும் 1982இல் தந்த சீராக்கம் இதைப் பெருமளவு அடக்கும். அமுக்கத்துக்கும் வேகத்துக்கும் பொருத்தமான மூலகச் சோடியைத் தேர்வதும் நம் தலையில்தான்.

ஆனாலும் ஃபைனைட் வொலியூமுக்கும் ஒரு நோய் உண்டு. முதல்வரிசை அப்விண்ட் (நீர் வரும் பக்கத்துக் கலத்தின் மதிப்பையே முகத்தில் எடுக்கும் எளிய வழி) போட்டால் கூர்மையான உப்பு எல்லை மங்கிப் பரந்துவிடும். இன்னும் துல்லியமான உயர்வரிசைக்குப் போவது ஒழுங்கற்ற மெஷ்ஷில் பெரும்பாடு. ஃபைனைட் எலிமென்டில் அது இயல்பாக வரும். நீரமுக்கத்தில் தடுப்பணைக் கதவு எவ்வளவு வளைகிறது என்பதுதான் கேள்வி என்றால், நானும் எலிமென்ட் பக்கமே போவேன்.

மென்பொருளில் ஓப்பன்ஃபோமும் ஃபுளூவென்டும் வொலியூம், ஃபெனிக்ஸ் எலிமென்ட். டெலிமாக்-2டியில் இரண்டும் இருப்பதால், ஒரே மெஷ்ஷில் கதவைத் திறக்கும் அதே ஓட்டத்தை இரு முறையிலும் ஓட்டி, கதவடியில் உள்ளே வந்த உப்பையும் நீரேரியில் கூடிய உப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.