ஏலத்தில் எடுத்த வீட்டில் ஆள் இருந்தால்: பேச்சா, கலெக்டர் உத்தரவா?

வேலூர்ப் பக்கம் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வங்கி ஏலத்தில் வீடு எடுக்கிறீர்களா? விளம்பரத்தில் ‘குறியீட்டு சுவாதீனம்’ (வீடு காகிதத்தில் மட்டும் வங்கி வசம்) என்றிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேசி முடிப்பதுதான் வேகம். வீடு மாறும் செலவைக் கொடுக்கலாம், ஆனால் முன்பணமாக வேண்டாம். வீடு காலியாகி, மின்கட்டண பாக்கி பார்த்து, எழுதிக் கையெழுத்து வாங்கி, சாவி கைக்கு வந்த பிறகே பணம். (ஆடியிலும் மார்கழியிலும் கேட்காதீர்கள், யாரும் நகரமாட்டார்கள்.)

இன்னொரு வழி, கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 14ஆம் பிரிவு. வீட்டை மீட்டுத் தரும்படி கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போட வேண்டியது வங்கி, நீங்கள் அல்ல. 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில் உத்தரவு வர வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். அடமானத்துக்கு முந்தைய, பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி வாடகைதாரர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போனால் இன்னும் சிக்கல். ஏல விலையில் மீதி 75 சதவீதத்தைக் கட்டும் முன்பே, சுவாதீனம் எப்போது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டிய பின் அவர்களுக்கு அவசரம் இருக்காது.

கடன் வாங்கியவரே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தால் 14ஆம் பிரிவு. வாடகைக் குடித்தனம் என்றால் பேச்சே மேல். எதுவானாலும் மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்காதீர்கள், வழக்கு உங்கள்மேல் திரும்பும்.