கூரையில் சோலார், உள்ளே வெக்கை: வேன் வீட்டில் இரண்டரை வருஷம்

மடிப்பாக்கத்தில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு ஏன் வேனில் போய்ப் படுக்கிறாய் என்று தங்கை இன்னும் கேட்கிறாள். ரிட்டயர் ஆனதும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை 6 லட்சத்துக்கு வாங்கி, மேலும் மூன்றரை லட்சம் போட்டு வீடாக்கினோம். மாதத்தில் பதினைந்து, இருபது நாள் நானும் மனைவியும் அதில்தான். வாங்கும்போது நான் பயந்தது கரண்டுக்கு. அதில் பெரிய தொல்லை வரவில்லை. யோசிக்காமல் விட்ட வெக்கைதான் எங்களை ஆட்டி வைக்கிறது.

முதலில் கரண்ட் கணக்கு. கூரையில் 330 வாட் பேனல் இரண்டு. கட்டிலுக்கு அடியில் 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி. முழுசாக ஏறினால் இரண்டரை யூனிட். நல்ல வெயில் நாளில் பேனல் தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 28 வாட் ஃபேன் இரண்டும் ராத்திரி முழுக்கச் சுற்றினால் அரை யூனிட். லைட், போன், லேப்டாப் எல்லாம் சேர்ந்து கால். மனைவி கிரைண்டரை ஏற்றியபோது வேண்டாம் என்று தடுத்தேன். 150 வாட், முக்கால் மணி நேரம். இட்லி மாவு அரைபட்டு முடிந்தபோது செலவு 0.1 யூனிட் சொச்சம். வாயை மூடிக்கொண்டேன். மிக்சிதான் மக்கர் செய்தது. மலிவு இன்வெர்ட்டரில் உறுமிக்கொண்டே சூடாகும். வீட்டுக் கரண்ட் போலவே சீராகத் தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் மாற்றியதும் சரியாகிவிட்டது.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியையே போடலாமே என்பார்கள். அதை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு விடும். அதன் மேல் படுத்துத் தூங்க எனக்குத் தைரியம் இல்லை. ஏசியா? ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுத்தால் எங்கள் பேட்டரி இரண்டரை மணி நேரத்தில் காலி. அந்த ஆசை அதோடு தீர்ந்தது.

முதல் வருஷ அக்னி நட்சத்திரத்தில் மாமல்லபுரம் தாண்டி, பேனலுக்கு வெயில் வேண்டுமே என்று வெட்டவெளியில் நிறுத்தினேன். மதியம் இரண்டு மணிக்கு வண்டிக்குள் 43 டிகிரி. ராத்திரி ஒன்பதுக்கும் உள்ளே வெக்கை அடங்கவில்லை. கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயவே இல்லை. "ஏங்க, பேட்டரி நூறு பர்சென்ட் இருக்கு. நம்மகிட்டதான் ஒண்ணும் இல்ல" என்றாள் மனைவி. மறுநாள் புளியமரத்தடிக்குப் போனோம். உடம்புக்குச் சுகம், பேனல் படுத்துவிட்டது. இரண்டு பேனலையும் சீரியலில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, இணைத்திருந்ததால் ஒன்றின் மேல் கிளை நிழல் விழுந்தாலும் மொத்த வரவும் சரிந்தது.

அப்புறம்தான் தனியாக ஒரு 160 வாட் பேனலும் பத்து மீட்டர் ஒயரும் வாங்கினேன். வண்டி நிழலில், பேனல் வெயிலில். இரண்டரை வருஷத்தில் நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் இதுதான். மரக்காணம் பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி அதன் மேல் ஏறி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி உடையவில்லை. இப்போது மே மாதம் ஏலகிரிக்குப் போய்விடுகிறோம். சுமார் 1,100 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட ஆறேழு டிகிரி குறையும். பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏற ஆகும் டீசல்தான் எங்கள் ஏசி பில்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பேனலை நம்ப முடியாது. வண்டி ஓடும்போது பேட்டரி ஏறும்படி 30 ஆம்பியர் டிசி சார்ஜர் போட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஓட்டினால் முக்கால் யூனிட்.

சிக்கனத்தைக் கெடுப்பது டீசல். முதல் மாத உற்சாகத்தில் 2,800 கிலோமீட்டர் சுற்றினோம். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தரும் வண்டி, 280 லிட்டர். லாட்ஜில் தங்கியிருந்தாலே மலிவு. இப்போது ஓர் இடத்தில் நாலைந்து நாள். மாதம் 700 கிலோமீட்டர் தாண்டுவதில்லை.

தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர், இருவருக்கு நாலு நாள். குடிக்கத் தனியாகக் கேன். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, பம்ப் அடைத்துக்கொள்ளும். ருசி பார்க்காமல் நிரப்பாதீர்கள். கழிவறைக் கேசட், அதாவது கழிவு சேரும் கழற்றும் பெட்டி, மூன்று நாளில் நிரம்பும். பெட்ரோல் பங்கில் கேட்டு, ஐம்பது ரூபாய் கொடுத்து, அங்கே கக்கூஸில் கொட்டிக் கழுவ வேண்டும். இந்த வேலை பிடிக்காதவர்கள் வேன் வாழ்க்கைக்கு வர வேண்டாம்.

பேனல் பொருத்தியவர் சாதா இரும்பு போல்ட் போட்டுவிட்டார். எட்டே மாதத்தில் உப்புக்காற்றில் கூரை முழுக்கத் துருக்கோடு. துருப்பிடிக்காத எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் கேட்டு வாங்குங்கள். அதற்கும் முன்னால், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் பாருங்கள். ஆர்டிஓ அனுமதி இல்லாமல் சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டால் இன்சூரன்ஸ் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

ராத்திரி நிறுத்த இடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. போன மாதம் ஒரு தோப்புக்காரர், "தாராளமா போடுங்க சார், தென்னைக்கு நேரா கீழ மட்டும் வேணாம், காய் விழும்" என்றார். பேனலை நினைத்து வண்டியை அவசரமாகப் பின்னால் எடுத்தேன். அவர் எங்கள் தலையைத்தான் சொல்லியிருக்கிறார்.