டர்பனில் விருந்துக்கு பார் ஏற்பாடு செய்பவர்களே, ஆரஞ்சு லிக்யூர் பாட்டிலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாண வரவேற்பில் நடந்தது இது. பாரை வெளி ஆட்களிடம் ஒப்படைத்திருந்தோம். யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒப்பந்தத் தாளில் இருந்தது குவாந்த்ரோ 4 பாட்டில், வான் டெர் ஹம் 2 பாட்டில். இரண்டுமே ஆரஞ்சு வகைப் பழத்தோல் வாசனையுள்ள இனிப்பு மது, அதாவது லிக்யூர். பில்லிலும் அதேதான். கிளாஸில் வந்தது மட்டும் வேறு.

குட்டு உடைந்தது ஐஸ் கட்டியால். குவாந்த்ரோ 40 சதவீதம் ஆல்கஹால். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் அந்த வீரியத்தில்தான் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நிற்கும். குளிர்ச்சியும் தண்ணீரும் சேர்ந்ததும் கரைந்த எண்ணெய் பொடித் துளிகளாகப் பிரிந்துவிடும். 30 மில்லி ஊற்றி நாலைந்து ஐஸ் கட்டி போட்டுப் பாருங்கள். கட்டியைச் சுற்றி முதலில் புகை மாதிரி ஒரு கீற்று கிளம்பும். ஐஸ் உருக உருக டம்ளரே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி மங்கிவிடும். அவசரமென்றால் சம அளவு குளிர்ந்த தண்ணீர் விட்டாலும் போதும். அன்று மேஜைக்கு வந்ததோ ஐஸ் முழுக்க உருகிய பிறகும் கண்ணாடி போலத் தெளிவாகவே இருந்தது. உள்ளே இருந்தது மலிவான ட்ரிபிள் செக்.

ட்ரிபிள் செக் என்பது ஒரு கம்பெனியின் பெயர் அல்ல, நிறமில்லாத ஆரஞ்சு லிக்யூர் வகையின் பெயர். அதில் 15 சதவீதமும் கிடைக்கும், 40 சதவீதமும் கிடைக்கும். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணை வைத்துத்தான் விலை. காலியான நல்ல பாட்டிலில் மலிவுச் சரக்கைப் புனல் வைத்து ஊற்றிவிட்டால் முடிந்தது வேலை, இரண்டுமே நிறமில்லாத திரவம்தானே! ஒன்று சொல்லிவிட வேண்டும், கலங்கும் சோதனை குவாந்த்ரோவுக்குத்தான். பழுப்பு நிறமுள்ள கிராண்ட் மார்னியர் என்ற ஆரஞ்சு லிக்யூரில் கலங்கல் சரியாகத் தெரியாது, அதை வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்துவந்து வீட்டு ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வையுங்கள். 40 சதவீதச் சரக்கு மைனஸ் 18 டிகிரியில் உறையாது, கெட்டிப் பாகு மாதிரி வழியும். 15 சதவீதமானால் காலையில் ஐஸ் கூழாகியிருக்கும்.

பேர்தானே வேறு, ருசியில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்டார் பார்க்காரர். சைட்கார் என்ற காக்டெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மில்லி பிராந்தி, 20 மில்லி ஆரஞ்சு லிக்யூர், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, ஐஸோடு நன்றாகக் குலுக்கி வடிகட்ட வேண்டும். 40 சதவீத லிக்யூர் என்றால் அந்த 20 மில்லியில் 8 மில்லி ஆல்கஹால் இருக்கும், 15 சதவீதத்தில் 3 மில்லிதான். ஆரஞ்சு வாசனையைத் தூக்கிக்கொண்டு வருவதே ஆல்கஹால்தான். அது குறைந்ததும் சர்க்கரையும் எலுமிச்சையும் தனித்தனியாக நாக்கில் நிற்கும். பாகில் பிராந்தி ஊற்றிய மாதிரி இருக்கிறது என்று ஒரு பெரியவர் கிளாஸைத் திருப்பி அனுப்பினாரே, அதற்குக் காரணம் இதுதான்.

அளவிலும் கை வைத்திருந்தார்கள். ஒரு பாட்டில் 750 மில்லி. சைட்காருக்கு 20 மில்லி வீதம் போட்டால் 4 பாட்டிலில் 150 கிளாஸ் வர வேண்டும். அன்று தட்டில் போனது 70 கிளாஸ்கூட இருக்காது, அதாவது 2 பாட்டிலே தாராளம். மீதி 2 பாட்டில் எங்கே என்று கேட்டதற்குக் கிடைத்த பதில், “சிந்திப்போச்சுங்க.”

வான் டெர் ஹம் கதை இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கத்தில் பிறந்த லிக்யூர் அது. பிராந்தியில் நார்ச்சிப் பழத்தோலும் மசாலாவும் சேர்ப்பார்கள். (நார்ச்சி என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல்லே நம் நாரத்தையிலிருந்து போனதுதான். ஆனால் பழம் வேறு. அது தோல் எளிதாக உரியும் இனிப்பு மாண்டரின் ஆரஞ்சு. ஊறுகாய் போடும் நாரத்தையை நினைத்து வாங்கி ஏமாற வேண்டாம்.) சாப்பாட்டுக்குப் பிறகு, ஐஸ் இல்லாமல், சின்ன கிளாஸில் 25 மில்லி கொடுப்பதுதான் முறை. இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சரிபாதி பிராந்தி சேர்க்கலாம், அதற்குப் பெயர் பிராந்திஹம். அன்று நெட்டை டம்ளரில் ஐஸை ரொப்பிக் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் அடியில் விரல் நகத்தளவு கிராம்புப் பொடி வண்டல்! கடையில் விற்கும் பாட்டிலில் வண்டல் வராது, வடிகட்டித்தான் அடைப்பார்கள். பிராந்தியில் ஆரஞ்சு ஸ்குவாஷும் கிராம்புப் பொடியும் கலக்கினால்தான் இப்படி வண்டல் நிற்கும்.

நீல நிற ஆரஞ்சு லிக்யூரான ப்ளூ கியூராசோவைத் தனி விலை போட்டுத் தள்ளப் பார்ப்பார்கள். நீலம் வெறும் சாயம்தான், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தீ விஷயம் மட்டும் விளையாட்டில்லை. பான்கேக் மேல் லிக்யூர் ஊற்றிக் கொளுத்திக் காட்டுகிறோம் என்றார்கள். 15 சதவீதச் சரக்கு எங்கே பிடிக்கும்? பற்றவில்லை என்று பாட்டிலோடு மறுபடி மறுபடி அடுப்பின் மேலேயே ஊற்றினார் அந்தப் பையன். நடுவில் யாராவது வீரியமான பாட்டிலை எடுத்துக் கொடுத்திருந்தால் தீ பாட்டில் வாய்க்கே ஏறியிருக்கும். 40 சதவீதச் சரக்கில் 30 மில்லியைத் தனிக் கரண்டியில் லேசாகச் சூடாக்கி, அடுப்பை விட்டுத் தள்ளி, நீளமான லைட்டரால் பற்றவைக்க வேண்டும். பாட்டில் பக்கத்து மேஜையில்கூட இருக்கக் கூடாது.

முன்பணம் கட்டும் முன் தாளில் பிராண்ட் பெயர், ஆல்கஹால் சதவீதம், பாட்டில் அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். ‘ஆரஞ்சு லிக்யூர்’ என்று மொட்டையாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீல் உங்கள் வீட்டு ஆள் முன்னால் உடைய வேண்டும், உடைக்காத பாட்டில் திரும்பி வர வேண்டும். மண்டபம் விட்டால் நீங்களே பாட்டில் வாங்கிக் கொடுத்து கார்க்கேஜ் (வெளிப் பாட்டிலைத் திறந்து பரிமாறும் கட்டணம்) கட்டுவது எவ்வளவோ மேல். ஏமாந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு ஒப்பந்தத் தாள், பில், பாட்டில் படங்கள் மூன்றும் கையில் இருக்கட்டும். எங்கள் கையில் படம் இல்லை, பணமும் இன்னும் வரவில்லை.

படம் எடுத்த கையோடு, காலி பாட்டில் ஒவ்வொன்றின் லேபிளையும் கத்தியால் குறுக்கே கிழித்துவிடுங்கள். அடுத்த வாரம் டோங்காட்டிலோ ஃபீனிக்ஸிலோ இன்னொரு கல்யாணத்துக்கு அதே பாட்டில் நிரம்பிப் போகாது.