பெட்டியில் 12 வண்டுகள், அட்டையில் ஒரே ஆள்

ரெசினில் பதித்த வண்டுத் தொகுப்பு ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். 12 கட்டிகள், கட்டிக்கு ஒரு அட்டை. வண்டின் பெயர், குடும்பம், அதை முதலில் விவரித்தவர், ஆண்டு எல்லாம் அட்டையில் உண்டு என்று போட்டிருந்தார்கள். நான் மயங்கியது அந்தக் கடைசி இரண்டுக்குத்தான்.

வண்டுகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. கூன்வண்டின் மூக்கில் முழங்கை போல மடிந்திருக்கும் உணர்கொம்பு லென்ஸ் இல்லாமலே தெரிகிறது. பொன்வண்டின் பச்சை மங்கவில்லை. தரை வண்டின் பின்னங்காலருகே மட்டும் ஒரு காற்றுக்குமிழி. அடிப்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டியிருப்பதால் வயிற்றைப் பார்க்க முடியாது. அதுதான் எரிச்சல்.

சரி, அட்டைக்கு வருவோம். 12 அட்டையிலும் முதலில் விவரித்தவர் என்ற இடத்தில் 'லத்ரேய்' என்றே அச்சாகியிருக்கிறது! பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பியர் அந்த்ரே லத்ரேய் பெரிய ஆள்தான். 1796இல் பூச்சிகளைக் குடும்பங்களாகப் பிரித்து வெறும் எண் கொடுத்தார். பெயர் வைக்கத் தொடங்கியது பிறகுதான். சாண வண்டு, கூன்வண்டு, தரை வண்டுக் குடும்பங்கள் 1802இல் அவர் பெயரில் பதிவானவை. பொறிவண்டுக் குடும்பம் 1807. ஆனால் பொன்வண்டுக் குடும்பமும், மல்லாத்திப் போட்டால் 'டக்' என்று எம்பிக் குதிக்கும் வண்டின் குடும்பமும் ஆங்கிலேய விலங்கியலாளர் லீச் 1815இல் நிறுவியவை.

இதைவிடப் பெரிய கூத்து கழுத்துச் சிவந்த நீல வண்டின் அட்டையில். அரிசி அளவுதான் இருக்கும். பெயர் நெக்ரோபியா ரூஃபிகோலிஸ். பாதிரியாரான லத்ரேய் பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையில் கிடந்தபோது இதைத் தரையில் கண்டு ஆராய்ந்தார். அரிய வண்டு என்ற செய்தி சிறை மருத்துவர் வழியாக வெளியே போக, பூச்சி ஆர்வலர்கள் தலையிட்டு அவரை மீட்டார்கள். கதை அட்டையில் இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'லத்ரேய் கண்டுபிடித்த இனம்' என்று முடித்துவிட்டார்கள். டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் 1775இலேயே இதை வேறொரு பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வைத்து விவரித்துவிட்டார். அதனால்தான் அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்: இனம் பின்னால் பேரினம் மாறியது என்பதற்கு அதுவே அடையாளம். காண்டாமிருக வண்டை முதலில் விவரித்தவர் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ்; அதற்கு 'லின்னேயஸ், 1758' என்பது அடைப்புக்குள் வரும். ஏழுபுள்ளிப் பொறிவண்டுக்கு அதே லின்னேயஸ், அதே 1758, அடைப்பு வராது. இந்தப் பெட்டியில் அடைப்புக்குறி என்ற சங்கதியே கிடையாது.

விற்றவருக்கு எழுதினேன். 'சிறுவர்களுக்கான பொருள் சார்' என்று பதில் வந்தது. சிறுவர்கள்தான் படித்ததை அப்படியே நம்புவார்கள் என்று திருப்பி எழுதினேன். அப்புறம் பதில் இல்லை.

வண்டுகளுக்கு நாலு நட்சத்திரம், அட்டைகளுக்கு ஒன்று. வாங்குகிறவர்கள் கூடவே ஒரு கட்டு வெற்று அட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒன்பது எழுதி முடித்துவிட்டேன், இன்னும் மூன்று பாக்கி.